பெர்மாங்கனேட் கரைசல்: தயாரிப்பு, டைட்ரேஷன், பாதுகாப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்துத் தரம் பார்க்கிறவர்கள், அதாவது டைட்ரேஷன் செய்கிறவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். செறிவு தெரிந்த ஒரு கரைசலை வினை முடியும் வரை துளித் துளியாக விட்டு, செலவான அளவிலிருந்து இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பதுதான் தரம் பார்ப்பது. முதல்முறை பியூரெட்டைப் (கரைசலை அளந்து விடும் குழாயை) பிடிக்கும் மாணவரும் படிக்கலாம், தினமும் பத்து மாதிரி பார்க்கிறவரும் படிக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டில் லேபிளில் எழுதியிருக்கும் செறிவை நம்பாதீர்கள். அது கரைசல் தரம் பார்க்கப்பட்ட நாளின் செறிவு. இன்று எவ்வளவு என்பதை இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனையோ ஆக்சிஜனேற்றிகள் இருக்கும்போது பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

வினை முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி தனியாக வேண்டாம் என்பதுதான் முதல் காரணம். 100 மி.லி. தண்ணீரில் 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) கரைசல் 0.02 மி.லி. விழுந்தாலே இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அது அரைத் துளிக்கும் குறைவு. இரண்டாவது, இதன் வலு. அமிலக் கரைசலில் இதன் திட்ட மின்னழுத்தம் 1.51 வோல்ட். அதனால் இரும்பு, ஆக்சலேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைட் எல்லாம் இதற்கு வசப்படும். கால்சியத்தை ஆக்சலேட்டாக வீழ்படிவாக்கி, அந்த ஆக்சலேட்டைத் தரம் பார்த்துக் கால்சியத்தின் அளவையும் கண்டுபிடிக்கலாம்.

பழைய ஆள்தான் இது. 1846-இல் மார்கெரித் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இரும்பை அளக்க இதைப் பயன்படுத்தினார். இன்றைய மாணவர் மோர் உப்பை (ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை) வைத்துச் செய்கிற சோதனையும் அதே வழிதான்.

துல்லியமாக எடை போட்டு, அளவுக் குடுவையில் கரைத்து, அப்படியே திட்டக் கரைசலாக (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலாக) வைத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. நான்கு தசம இடம் வரை எடை போடும் தராசு இருந்தாலும் பயனில்லை. கடையில் வாங்கும் தூய பெர்மாங்கனேட்டிலும் கொஞ்சம் மாங்கனீஸ் டைஆக்சைடு கலந்தே இருக்கும். அது கூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரிலும் கரிமப் பொருள்கள் துளியளவு இருக்கும். பெர்மாங்கனேட் அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது தானும் சிதைந்து மாங்கனீஸ் டைஆக்சைடு ஆகிறது.

இந்த டைஆக்சைடு சும்மா அடியில் போய் உட்கார்ந்தால் தொல்லை இல்லை. அது வினையூக்கி. பெர்மாங்கனேட் தண்ணீருடன் வினைபுரிந்து ஆக்சிஜனையும் இன்னும் கொஞ்சம் மாங்கனீஸ் டைஆக்சைடையும் கொடுக்கும் சிதைவை அது வேகப்படுத்துகிறது. புதிதாக வந்த டைஆக்சைடும் அதே வேலையில் சேர்ந்துகொள்கிறது. ஆக, சிதைவு சிதைவை வளர்க்கிறது. வெளிச்சமும் சூடும் இதற்குத் துணை. கரைசலைத் தயாரிப்பதிலும் சேமிப்பதிலும் இருக்கிற எல்லாக் கட்டுப்பாடுகளும் இந்த ஒரு பழுப்புத் தூளை ஒழிப்பதற்காகத்தான்.

சரி, எப்படித் தயாரிப்பது?

ஒரு லிட்டர் 0.02 மோலார் கரைசலுக்கு 3.2 கிராம் அளவில் எடுத்தால் போதும். கணக்குப்படி 3.16 கிராம்தான். எப்படியும் பின்னால் தரம் பார்க்கப் போகிறோம் என்பதால் சாதாரணத் தராசே போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக் கரையுங்கள். கரைசல் கறுத்திருப்பதால் அடியில் கரையாத படிகம் கிடப்பது தெரியாது. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள்.

அப்புறம் கரைசலைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய், மெல்லிய கொதியில் 15 முதல் 30 நிமிடம் வைத்திருங்கள். வாய்மேல் கடிகாரக் கண்ணாடி மூடியிருக்கட்டும். தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருள்களுடன் நடக்க வேண்டிய சண்டை இப்போதே நடந்து முடிந்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கொதி. சூடாக்க வசதியில்லை என்றால் இரண்டு மூன்று நாள் இருட்டில் அப்படியே விட்டுவிடலாம். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவசரக்காரர்களுக்குக் கொதி, பொறுமைசாலிகளுக்கு இருட்டு.

ஆறியதும் வடிகட்ட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வடிதாள் கூடவே கூடாது. தாள் என்பது செல்லுலோஸ், அதாவது கரிமப் பொருள். பெர்மாங்கனேட் அதையும் தின்று, நாம் வடிகட்டி எடுக்க நினைத்த டைஆக்சைடையே மறுபடி உண்டாக்கிவிடும். சின்டர்டு கண்ணாடி (கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டிய நுண்துளைத் தட்டு) வடிகட்டியோ கண்ணாடிக் கம்பளியோதான் வேண்டும். வடித்த கரைசலை ஊற்றும் பாட்டிலில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது.

வடிகட்டியில் ஒட்டிய பழுப்பு தண்ணீருக்குப் போகாது. அமிலம் சேர்த்த ஆக்சாலிக் அமிலக் கரைசலை ஊற்றினால் உடனே கரைந்துவிடும். பிறகு தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். ஆக்சலேட் மிச்சம் இருந்தால் அடுத்த கரைசலின் செறிவு அங்கேயே குறையும்.

சில புத்தகங்களில் 0.02 மோலார், சிலவற்றில் 0.1 நார்மல். எது சரி?

இரண்டும் ஒரே கரைசல். அமில ஊடகத்தில் ஒரு பெர்மாங்கனேட் அயனி 5 எலக்ட்ரான்களை ஏற்கிறது, அதனால் 0.02 × 5 = 0.1. நடுநிலை, கார ஊடகங்களில் இந்த 5 செல்லாது. மோலாரில் எழுதிவைப்பதே நல்லது, குழப்பம் குறையும்.

எதை வைத்துத் தரம் பார்ப்பது?

என் தேர்வு ஆக்சாலிக் அமிலத்தின் உப்பான சோடியம் ஆக்சலேட். தூய்மையாகக் கிடைக்கும், படிக நீர் கிடையாது, ஈரத்தை இழுக்காது. 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) ஆறவிட்டு எடை போடலாம். ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு மூலக்கூறு படிக நீர் இருக்கிறது. பாட்டிலைத் திறந்து மூடுகிறபோது காற்று வறட்சியாக இருந்தால் அந்த நீரில் கொஞ்சம் போய்விடும், எடை பொய் சொல்லும். மாணவர் சோதனைக்குத் தாராளமாகப் போதும், ஆய்வறிக்கைக்குப் போதாது.

மோர் உப்பும் வழக்கத்தில் உண்டு. 250 மி.லி.-இல் 9.80 கிராம் கரைத்தால் 0.1 மோலார். ஆனால் இதை வெறும் தண்ணீரில் கரைக்காதீர்கள், நீர்த்த கந்தக அமிலத்தில் கரையுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள ஃபெர்ரஸ் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல மெல்ல ஃபெர்ரிக் (மேலும் ஆக்சிஜனேற்றமடைந்த இரும்பு) ஆகிவிடும். அன்றைக்குத் தயாரித்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

கணக்குக்கு ஓர் உதாரணம். 0.2500 கிராம் சோடியம் ஆக்சலேட் எடுத்தேன், பியூரெட்டில் 37.45 மி.லி. செலவானது என்று வைத்துக்கொள்வோம். சோடியம் ஆக்சலேட்டின் மூலக்கூறு எடை 134.00. எனவே அது 1.8657 மில்லிமோல். ஐந்து ஆக்சலேட்டுக்கு இரண்டு பெர்மாங்கனேட் என்பதால் 2/5-ஆல் பெருக்க 0.7463 மில்லிமோல். இதை 37.45-ஆல் வகுத்தால் 0.01993 மோலார். லேபிளில் 0.02 என்று எழுதாமல் இந்த எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒத்துப்போன பிறகு.

முதல் சில துளி விட்டதும் நிறம் போகாமல் அப்படியே நிற்கிறது. ஏதாவது தப்பா?

தப்பில்லை, ஆக்சலேட்டின் குணமே அதுதான். பெர்மாங்கனேட்டும் ஆக்சலேட்டும் சேர்ந்தால் உடனே பாய்ந்து நடக்க வேண்டிய வினை, ஆனால் தொடக்கத்தில் அசையவே அசையாது. அதைக் கிளப்பிவிடுவது மாங்கனீஸ் இரட்டை அயனி (Mn²⁺). அதுவோ இந்த வினையிலேயே உண்டாகிற பொருள். முதல் துளியின் நிறம் மறைந்த பிறகு குடுவையில் அந்த அயனி கொஞ்சம் சேர்ந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு துளியும் விழுந்த கணமே நிறமிழக்கும். தன்னைத் தானே ஊக்குவித்துக்கொள்ளும் வினைக்கு இதைவிட அழகான உதாரணம் ஒரு பள்ளி ஆய்வகத்தில் கிடைக்காது. அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டால்தான் தப்பு.

இதற்காகத்தான் சூடாக்கச் சொல்கிறார்கள். கரைசல் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் வினை சுறுசுறுப்பாக நடக்கும். 90-ஐத் தாண்டினால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும், அளவு குறைவாக வரும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஆவி பறக்கத் தொடங்கும் நிலையை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். மாணவர் நிலையில் சரி.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 1935-இல் ஃபவுலர், பிரைட் இருவரும் வகுத்த முறை இருக்கிறது. தேவைப்படும் பெர்மாங்கனேட்டில் 90 முதல் 95 விழுக்காட்டை அறை வெப்பநிலையிலேயே, அமிலம் தாராளமாக உள்ள ஆக்சலேட் கரைசலில், கலக்கிக்கொண்டே ஒரே மூச்சில் விட்டுவிட வேண்டும். நிறம் முழுவதும் மறையும் வரை காத்திருந்து, பிறகு 55 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி மிச்சத்தைத் துளித் துளியாக முடிக்க வேண்டும். எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தோராயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதில் சங்கடம்.

மோர் உப்புக்கு இந்தக் கதை எதுவும் இல்லை. இரும்பு உடனே வினைபுரியும். அதைச் சூடாக்கினால் காற்று இரும்பைத் தின்றுவிடும், எனவே சூடாக்கவே கூடாது.

ஏன் கந்தக அமிலம் மட்டும்?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடைக் குளோரினாக மாற்றுவதில் தன்னைச் செலவழிக்கும், பியூரெட் அளவு கூடும். இரும்பு கூட இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். நைட்ரிக் அமிலம் தானே ஒரு ஆக்சிஜனேற்றி, நம் மாதிரியில் பங்கு கேட்கும். அசெட்டிக் அமிலத்துக்குப் போதிய வலு இல்லை. கந்தக அமிலம் மட்டும்தான் சும்மா இருக்கும். இரும்புத் தாதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் கரைத்தாக வேண்டும் என்றால், மாங்கனீஸ் சல்பேட், கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம் மூன்றும் கலந்த சிம்மர்மன்–ரைன்ஹார்ட் கரைசலைச் சேர்த்துச் சமாளிக்கலாம்.

குடுவையில் கரைசல் பழுப்பாகிவிட்டது.

அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டுவிட்டீர்கள். இப்போது அமிலம் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டுப் புது மாதிரி எடுங்கள்.

முடிவு நிலையில் வந்த இளஞ்சிவப்பு ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. இன்னொரு துளி விடலாமா?

வேண்டாம். 30 நொடி நிலைத்தால் அதுதான் முடிவு நிலை. மறைவதற்குக் காரணம், குடுவையில் இப்போது மாங்கனீஸ் இரட்டை அயனி நிறைய இருக்கிறது. மிச்சமுள்ள பெர்மாங்கனேட்டுடன் அது மெதுவாக வினைபுரிந்து மாங்கனீஸ் டைஆக்சைடாக மாறும். நல்லவேளையாக அமிலக் கரைசலில் அந்த வினை மிக மெதுவானது. அதனால்தான் நமக்கு அரை நிமிட அவகாசம் கிடைக்கிறது. காற்றிலிருந்து விழும் தூசியும் கொஞ்சம் நிறத்தைத் தின்னும். நிறம் மறையும் போதெல்லாம் ஒரு துளி என்று விட்டுக்கொண்டே போகிறவர், மாதிரியை விட்டுவிட்டு அந்த மெதுவான வினையைத் தரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஐந்தே நொடியில் மறைந்தால் அது வேறு. மாதிரி இன்னும் மிச்சம் இருக்கிறது, அல்லது ஆக்சலேட் கரைசல் ஆறிப்போய்விட்டது.

இரும்பைத் தரம் பார்க்கும்போது, உண்டாகிற ஃபெர்ரிக் அயனியின் மஞ்சள் இளஞ்சிவப்பை மறைத்து ஆரஞ்சுச் சாயலில் காட்டும். கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் மஞ்சள் போய்விடும். கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குடுவையின் அடியில் வெள்ளைத் தாளோ வெள்ளை ஓடோ வைப்பதும் மறக்கக் கூடாதது.

பியூரெட்டில் கவனிக்க வேண்டியது?

ரப்பர்க் குழாயும் கவ்வியும் உள்ள பழைய பாணிப் பியூரெட்டில் இதை ஊற்றாதீர்கள். பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும், ரப்பர் பெர்மாங்கனேட்டைக் கெடுக்கும். அந்த ரப்பர்க் குழாய்ப் பியூரெட்டும் மோர் என்ற ஜெர்மன் வேதியியலாளருடைய பெயரில்தான் வழங்குகிறது, மோர் உப்பும் அவர் பெயரில்தான். உப்புக்கு ஒத்துவரும் கரைசல் பியூரெட்டுக்கு ஒத்துவராமல் போனது வேடிக்கைதான். கண்ணாடி அல்லது டெஃப்லான் ஸ்டாப்காக் உள்ளதை எடுங்கள். கண்ணாடிக் குழாய்க்குக் கிரீஸ் தடவினால் மிகக் குறைவாக.

நிறம் அடர்த்தியாக இருப்பதால் பிறைவளைவின் (குழாயில் கரைசலின் வளைந்த மேற்பரப்பின்) அடிப்பகுதி தெரியாது. மேல் விளிம்பைப் பாருங்கள். தொடக்கத்தில் மேல் விளிம்பு என்றால் முடிவிலும் மேல் விளிம்பு. வேலை முடிந்ததும் மிச்சத்தை வெளியேற்றி உடனே அலசிவிடுங்கள், ஒரு இரவு விட்டால் உட்சுவர் பழுப்பாகும்.

எந்தப் பாட்டிலில், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், கண்ணாடி மூடி, இருட்டான அலமாரி. தக்கையும் ரப்பர் மூடியும் வேண்டாம். சுத்தமாக வடிகட்டி, வெளிச்சம் படாமல் வைத்த கரைசல் வாரக்கணக்கில் நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி தரம் பாருங்கள். முக்கியமான மாதிரி என்றால் அன்றைக்கே பாருங்கள். நீர்த்த கரைசல்கள், உதாரணமாக 0.002 மோலார், இன்னும் பலவீனமானவை. அவற்றை அடர் கரைசலிலிருந்து அன்றன்றைக்கு நீர்த்துக்கொள்வதே சரி.

பியூரெட்டில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். பழைய பாட்டில் பாதியானதும் அதிலேயே புதுக் கரைசலை நிரப்பவும் வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரே மாதிரியின் இரும்பு அளவு வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது. மாதிரியைச் சந்தேகப்பட்டோம், பிப்பெட்டைச் சந்தேகப்பட்டோம், ஒருவரையொருவர் கூடச் சந்தேகப்பட்டுக்கொண்டோம். கடைசியில் பாட்டிலைக் காலி செய்து பார்த்தால் உட்சுவர் முழுக்கப் பழுப்புப் படலம். பல மாதங்களாக அதே பாட்டிலில் மேலே மேலே நிரப்பி வந்திருக்கிறோம். புதுக் கரைசல் ஒவ்வொன்றையும் அந்தப் படலம் சிதைத்தது. செறிவு குறையக் குறையப் பியூரெட் அளவு கூடியது, நாங்களோ லேபிளில் இருந்த பழைய எண்ணையே பெருக்கிக்கொண்டிருந்தோம். இரும்பு ஏறியது காகிதத்தில் மட்டும்தான்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

தேவையில்லை. எடுத்ததும் குளிர்ச்சியோடு பியூரெட்டில் ஊற்றுகிற ஆசை வரும், அதுதான் ஆபத்து. 20-க்கும் 30 டிகிரிக்கும் இடையில் தண்ணீரின் கனஅளவு கால் விழுக்காடு மாறுகிறது. நான்காவது தசம இடத்துக்காக இவ்வளவு பாடுபட்டு, அதை இங்கே விட வேண்டாம்.

அடியில் பழுப்பு படிந்த கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

லேசாக இருந்தால் சின்டர்டு கண்ணாடியில் வடித்து, வேறு சுத்தமான பாட்டிலில் ஊற்றி, மறுபடி தரம் பார்த்துப் பயன்படுத்தலாம். மூன்றும் செய்ய வேண்டும், ஒன்றை விட்டாலும் பயனில்லை. படிவு கனமாக இருந்தால் நான் யோசிக்காமல் கழித்துவிடுவேன்.

திண்மப் படிகத்தை எப்படி வைப்பது?

உலர்ந்த இடத்தில், இறுக மூடி, மற்ற ஆக்சிஜனேற்றிகளோடு. கிளிசரால், ஆல்கஹால், கந்தகம், கரித்தூள், தாள், துணி எதுவும் பக்கத்தில் வேண்டாம். தூளின் மீது கிளிசரால் பட்டால் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுத் தானாகவே தீப்பற்றும். அடர் கந்தக அமிலம் இன்னும் மோசம். படிகத்தோடு சேர்ந்தால் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு உண்டாகும், அது வெடிக்கும். டைட்ரேஷனில் நீர்த்த அமிலத்தோடு தினமும் பழகுவதால் இந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படுத்தப்படுவதால் 1988-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. வாங்கும்போது பதிவேடு கேட்டால் வியக்க வேண்டாம்.

கையில், மேசையில் கறை பட்டுவிட்டது.

பழுப்புக் கறை என்பது நம் பழைய எதிரியான மாங்கனீஸ் டைஆக்சைடேதான். கண்ணாடியிலும் ஓட்டிலும் அமிலம் சேர்த்த ஆக்சாலிக் அமிலமோ நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடோ எடுத்துவிடும். தோலில் அவற்றைப் போடாதீர்கள். தண்ணீரால் கழுவிவிட்டு விட்டால் சில நாளில் தோலோடு சேர்ந்து போய்விடும். வைட்டமின் சி மாத்திரையை நீரில் கரைத்துத் தடவினால் சீக்கிரம் வெளுக்கும். கண்ணில் தெறித்தால் மட்டும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். சிந்திய படிகத்தை உலர்ந்த துணியாலோ மரத்தூளாலோ துடைத்துக் குப்பைக்கூடையில் போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றலாமா?

கூடாது, நீரில் வாழும் உயிரினங்களுக்கு நஞ்சு. நன்றாக நீர்த்து, கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ஃபெர்ரஸ் சல்பேட் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஊதா முழுவதும் போனதும் அதை மாங்கனீஸ் கழிவுக் கேனில் சேர்த்து, ஆய்வகத்தின் வழக்கமான கழிவு ஏற்பாட்டிடம் ஒப்படையுங்கள். நிறம் போகாத பெர்மாங்கனேட்டைக் கரிமக் கரைப்பான் கழிவுக் கேனில் ஊற்றவே கூடாது.